மூடாத கூடு

கிளிஞ்சல்மேட்டு விஷ்ணுப்ரியாவிடம் ஒரு குணம். செய்து காட்டுகிறேன் என்று முதலில் சொல்லிவிடுவாள். எப்படி என்று பிறகுதான் யோசிப்பாள். பள்ளிக் கண்காட்சிக்கு வைரஸின் கூட்டை அட்டையில் செய்வதாக அப்படித்தான் வாக்குக் கொடுத்திருந்தாள். கண்காட்சி நாளைக்கு.

வைரஸின் கூடு புரதத் துண்டுகளால் ஆனது என்று சந்திரா டீச்சர் சொல்லியிருந்தார். துண்டுகள் தாமாகவே ஒன்றோடொன்று சேர்ந்து, உள்ளே இருக்கும் மரபணு இழையை மூடிக்கொள்ளுமாம். இழைக்காக அப்பாவின் படகிலிருந்து சிவப்பு வலைநூல் எடுத்து வந்திருந்தாள். டீச்சர் காட்டிய படத்தில் அறுகோணங்கள் மட்டுமே அவள் கண்ணில் பட்டிருந்தன. அதையே வெட்டினாள், ஒட்டினாள்.

கூடு மூடவில்லை. தோழி இஃபாத் வீட்டுக் கூடத்தில் அது பாய் போல விரிந்துகொண்டே போனது. மடக்கினால் கசங்கியது.

எரிச்சலுடன், உதவிக்கு வெட்டிக்கொண்டிருந்த இஃபாத்திடம் அவளுடைய துண்டுகளைக் கேட்டாள். இஃபாத் தயங்கித் தயங்கித்தான் கொடுத்தாள். எல்லாவற்றிலும் ஐந்தே பக்கம்.

“வாப்பா கடை அட்டைப்பெட்டி ஒண்ணுதான் இருந்துச்சு. அட்டை பத்தல. ஒரு பக்கம் கொறஞ்சா யாருக்குத் தெரியப்போவுதுன்னு நெனச்சேன்,” என்றாள் இஃபாத். கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். “நீ வேற யாரையாச்சும் சேத்துக்க.”

விஷ்ணுப்ரியாவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. கத்தரிக்கோல் பிடித்துச் சிவந்திருந்த இஃபாத்தின் விரல்களைப் பார்த்ததும் கோபத்தை விழுங்கிக்கொண்டாள்.

“வேற யாரும் வேணாம். ஒன்னோடதையே நடுவுல வெச்சு ஆரம்பிப்போம்.”

ஐங்கோணத்தைச் சுற்றி ஐந்து அறுகோணங்களை ஒட்டினார்கள். அவற்றுக்கு நடுவே சின்னச் சின்ன இடைவெளி விழுந்தது. இடைவெளிகளை இழுத்து ஒட்டியதும் தட்டையாகக் கிடந்தது எழும்பிக் கிண்ணமானது.

விஷ்ணுப்ரியாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அறுகோணங்கள் மட்டும் சேர்ந்தால் இடைவெளியே இராது; வளையவும் வழியில்லை. ஐங்கோணம்தான் வளைத்துக் கொடுக்கிறது. பாய் போல விரிந்திருந்ததைப் பிரித்து, இடையிடையே ஐங்கோணங்களை வைத்து இருவரும் மறுபடி ஒட்டத் தொடங்கினார்கள். பொழுது சாயும்போது வலைநூலை உள்ளே வைத்துக் கூடு பந்தாக மூடிக்கொண்டது.

மறுநாள் சந்திரா டீச்சர் கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஐங்கோணங்களை எண்ணினார். பன்னிரண்டு.

“எவ்வளவு பெரிய கூடா இருந்தாலும் இந்தப் பன்னிரண்டு இல்லாம மூடாது. அஞ்சு பக்கம் வெட்டணும்னு யாருக்குத் தோணுச்சு?”

விஷ்ணுப்ரியா இஃபாத்தை முன்னால் தள்ளிவிட்டாள்.

“அட்டை பத்தல டீச்சர்,” என்றாள் இஃபாத்.