பூட்டு பத்திரமாக இருக்கிறது

அன்று மதியம் வீட்டில் இருந்தவர்கள்: நான், அப்பா, அத்தை, ஒரு பூட்டு.

அம்மா இல்லை. அம்மா பஸ் ஓட்டுகிறார், அன்று அவருக்கு ஷிப்ட். அவர் இருந்திருந்தால் அந்தப் பூட்டு சமையலறைக்குள் கால் வைத்திருக்காது.

அப்பாவுக்குப் பூட்டு வேலை. சாவியைத் தொலைத்தவர்கள், சாவியை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தியவர்கள், எல்லாரும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கோபம் வந்தால் அப்பா ஒரு பூட்டைப் பிரித்து எண்ணெய் போடுவார். சந்தோஷம் வந்தாலும் அதேதான். பயம் வந்தால் மட்டும் எங்காவது புதுப் பூட்டு மாட்டுவார்.

நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவருக்குப் பயம்.

எனக்கு டைப் ஒன் நீரிழிவு. சாப்பாட்டிலிருந்து வரும் சர்க்கரையைப் பயன்படுத்த இன்சுலின் வேண்டும். என் உடம்பு இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிட்டது. அதனால் ஊசி போட்டுக்கொள்கிறேன். ஊசி வலிக்கிறது, ஆனால் பழகிவிட்டது. வீட்டில் இருக்கும் பெரியவர்கள்தான் இன்னும் பழகவில்லை.

"சர்க்கரை வியாதி வந்த வீட்ல சர்க்கரைய இப்படித் திறந்து போட்டா வெப்பாங்க?" என்று அத்தை கேட்டார். அவர் அப்பாவின் அக்கா, தையல்காரி. எதையும் ஒரு முறை அளந்துவிட்டால் மறுபடி அளக்க மாட்டார்.

அவ்வளவுதான். சர்க்கரை டப்பா, ஜாம், ஜூஸ், பிஸ்கட், பழம் எல்லாம் ஒவ்வொன்றாகச் சமையலறை அலமாரிக்குள் போயின. கடைசியில் அத்தை என் பைக்குள்ளும் கை விட்டார்.

"அத்தை, அது என் மாத்திரை!"

"மேல குளுக்கோஸ்னு போட்டிருக்கு. குளுக்கோஸ்னா சர்க்கரைதானே? எனக்கும் படிக்கத் தெரியும்."

"சர்க்கரைதான். அதனாலதான் அது என்கிட்டயே இருக்கணும்."

"பாத்தியாடா தம்பி, அவளே ஒத்துக்கிட்டா!"

அப்பா அலமாரியில் கொண்டி அடித்து, தன்னிடம் இருந்ததிலேயே பெரிய பூட்டைத் தொங்கவிட்டார். இரண்டடி தள்ளி நின்று ரசித்தார்.

"யானை வந்து இழுத்தாலும் அசையாது. கொண்டியோட ஸ்க்ரூகூட வெளியில தெரியாது."

"மாத்திரை என்கிட்டயே இருக்கணும்னு ஆஸ்பத்திரில நர்ஸ் சொன்னப்ப நீங்களும் பக்கத்துலதானே இருந்தீங்க?" என்று கேட்டேன்.

"இருந்தேன்."

இருந்தார். அந்த அறையின் மருந்து அலமாரிப் பூட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"சரி, சாயங்காலம் எனக்கு மேட்ச். நான்தான் கோல் கீப்பர்."

"மேட்சாவது கீட்சாவது! கொஞ்ச நாள் வீட்லயே இரு."

"எத்தனை நாள்?"

அப்பா சாவியைச் சட்டைப் பையில் போட்டார். யாரோ வீட்டு வாசலில் மாட்டிக்கொண்டார்களாம். கருவிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

தெருவில் என் பட்டப்பெயர் சுவரு. என்னைத் தாண்டிப் பந்து போகாது. எனவே நான் அழவில்லை. ஊசி போட்டு மதியச் சாப்பாட்டை முடித்ததும் மொட்டை மாடிக்குப் போனேன். பந்தைச் சுவரில் உதைத்தேன், பாய்ந்து பிடித்தேன். கோபம் தீரும்வரை அதையே செய்தேன். நிறைய கோபம் இருந்தது.

கோபம் தீருவதற்குள் கை நடுங்கத் தொடங்கியது.

கீழே வந்தேன். உதடு மரத்த மாதிரி இருந்தது. கழுத்தெல்லாம் வியர்வை. விரல் நுனியில் குத்திச் சோதித்தேன். மீட்டர் ஐம்பத்தெட்டு என்றது.

எழுபதுக்குக் கீழே போனாலே உடனே இனிப்பு உள்ளே போக வேண்டும். ஊசி போட்ட பிறகு ஓடியாடினால் சில சமயம் இப்படி இறங்கும். நர்ஸ் சொல்லியிருந்தார். நான் கேட்டிருந்தேன்.

"அத்தை, எனக்கு லோ ஆகுது. ஜூஸ் வேணும்."

அத்தை மடியிலிருந்த துணியை விட்டுத் தலை தூக்கவில்லை. "ஜூஸ் குடிக்க என்னென்ன தந்திரம்! முடியலன்னா ஊசி போட்டுக்க. நான் எடுத்துத் தரேன்."

"வேண்டாம்! இப்ப ஊசி போட்டா இன்னும் கீழ போயிடும்."

"சர்க்கரை வியாதிக்கு ஊசிதானே மருந்து?"

"சாப்பிடறப்ப ஊசி. இறங்கினா சர்க்கரை. அத்தை, என் கையைப் பிடிச்சுப் பாருங்க."

பிடித்தார். அத்தை நாள் முழுக்க ஊசியில் நூல் கோப்பவர். நடுங்கும் கை எது, நடிக்கும் கை எது என்று அவருக்குத் தெரியும். மடியிலிருந்த துணி கீழே விழுந்தது.

"அடக் கடவுளே. இரு, உங்கப்பனைக் கூப்பிடறேன்."

போன் போட்டார். அப்பாவின் போன் எங்கள் சோபாவிலிருந்து பாடியது.

"சாவியை எடுத்தான், போனை விட்டுட்டான்! பூட்டுக்காரன் புத்தி!"

எதிர் வீட்டில் ஆள் இல்லை. கடைக்குப் போகலாம் என்றால் நாங்கள் இருப்பது கடைசி மாடி. லிப்ட் ரிப்பேர். அத்தையின் முழங்காலும் ரிப்பேர்.

"ரொட்டி இருக்கு கண்ணு, அதைத் தின்னு."

"அது மெதுவா நடந்து வரும். எனக்கு ஓடி வர்ற சர்க்கரை வேணும்."

சொல்லிவிட்டு அலமாரி முன்னால் உட்கார்ந்துவிட்டேன். நிற்க முடியவில்லை. எனக்கு யார் மேலோ பயங்கரக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. சர்க்கரை இறங்கினால் அப்படியும் வருமாம்.

பூட்டு என்னைப் பார்த்தது. நான் பூட்டைப் பார்த்தேன்.

எல்லாரும் பூட்டைத்தான் பார்க்கிறார்கள் என்று அப்போது தோன்றியது. கதவுக்கு இன்னொரு பக்கமும் உண்டு.

"அத்தை... அந்தப் பக்கம்... கதவு ஆடுமே, அதோட பேரு..." வார்த்தை வரவில்லை. விரலால் காட்டினேன்.

"கீலா?"

"கீல்! அதோட ஸ்க்ரூ வெளியிலதான் இருக்கு!"

யானைக்கு அசையாத பூட்டை மாட்டியவர், கதவின் மறுபக்கத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கட்டிலுக்கு அடியில் அப்பாவின் பழைய ஸ்க்ரூடிரைவர் இருந்தது. அத்தை எடுத்து வந்தார். நான் வாங்கித் திருகிப் பார்த்தேன். அது ஸ்க்ரூவின் மேல் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது.

"கொடுடி இங்க." அத்தை முழங்காலை மறந்து தரையில் உட்கார்ந்தார். "எந்தப் பக்கம் திருகணும்?"

"இடது பக்கம். மேல இருக்கறதை முதல்ல."

அத்தையின் கை கொஞ்சமும் நடுங்கவில்லை. உதடு மட்டும் நடுங்கியது. ஸ்க்ரூக்கள் ஒவ்வொன்றாகத் தரையில் உருண்டன. கடைசி ஸ்க்ரூ விழுந்ததும் கதவு இந்தப் பக்கம் திறந்துகொண்டது. பூட்டைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கமாகத் தொங்கியது.

ஒரு சின்ன ஜூஸ் பாக்கெட்டை உறிஞ்சிக் குடித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல ஜூஸ் குடித்ததில்லை.

அத்தை ஜாம் பாட்டிலைத் திறந்து, கரண்டியோடு வந்தார்.

"இதையும் சாப்பிடு. பிஸ்கட்டும் எடுக்கறேன்."

"வேண்டாம். கால் மணி நேரம் சும்மா உக்காரணும். அப்புறம் சோதிக்கணும்."

"இதுக்கா கதவையே கழட்டினோம்?"

"ஆமா. ரொம்பச் சாப்பிட்டா ரொம்ப ஏறிடும்."

அத்தை கரண்டியைப் பார்த்தார். பிறகு அந்த ஜாமை அவரே சாப்பிட்டுவிட்டார். "எனக்கும் படபடன்னு இருக்கு" என்றார்.

கால் மணி நேரம் கழித்து மீட்டர் எண்பத்தாறு என்றது. அதன் பிறகு ரொட்டி சாப்பிட்டேன். இப்போது அது மெதுவாகவே நடந்து வரட்டும்.

அப்பா வந்ததும் நேராகச் சமையலறையைத்தான் எட்டிப் பார்த்தார்.

"என் பூட்டு! யார் உடைச்சது?"

"யாரும் உடைக்கலப்பா. பூட்டு பத்திரமா இருக்கு. பூட்டினபடியே இருக்கு."

அப்பா தொங்கும் கதவைப் பார்த்தார். கீலைப் பார்த்தார். தரையில் கிடந்த ஸ்க்ரூக்களைப் பார்த்தார். கடைசியாகத்தான் என்னைப் பார்த்தார்.

"எவ்வளவு இருந்துச்சு?"

"ஐம்பத்தெட்டு."

"சாவி என் பையில இருந்துச்சு" என்றார், மெதுவாக.

"போன் சோபாவுல இருந்துச்சு" என்றார் அத்தை, சத்தமாக. "உன் பொண்ணு மட்டும் தடுக்கலன்னா நான் அவளுக்கு ஊசியை எடுத்துக் கொடுத்திருப்பேன்டா. நம்ம ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரியாது. பேசாம இரு."

அப்பா பூட்டைத் திறந்தார், கொண்டியைப் பிடுங்கினார். கதவைக் கீலில் மாட்டும்போது ஒரு ஸ்க்ரூ கை தவறி விழுந்தது. அவருக்கு அப்படி விழுந்து நான் பார்த்ததில்லை.

நான் மறுபடி சோதித்தேன். நூற்றுப் பன்னிரண்டு. கையுறையை எடுத்தேன். பையில் மீட்டர், மாத்திரை, இரண்டு ஜூஸ்.

"எங்க கிளம்பிட்ட?"

"மேட்சுக்கு."

"இவ்வளவு நடந்த பிறகுமா?"

"நடந்தது வீட்லப்பா. மைதானத்துல யாரும் ஜூஸைப் பூட்டி வெக்கல. கோச்சுக்கு எல்லாம் தெரியும். பை கோல் கம்பத்துக்குப் பின்னாலயே இருக்கும். நடுவுல சோதிப்பேன்."

"நானும் வரேன்."

"அடுத்த மேட்சுக்கு வாங்க. இன்னிக்கு நான் தனியாப் போகணும்."

அப்பா வாயைத் திறந்தார். அத்தை ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தார். அப்பா வாயை மூடிக்கொண்டார்.

வாசல்வரை வந்து, என் பையைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே இன்னொரு ஜூஸைப் போட்டார்.

நான் படியில் இறங்கினேன். எனக்குப் பின்னால் கதவு மூடிக்கொண்டது. சாவி ஒரு முறை திரும்பியது, இரண்டு முறை திரும்பியது. அப்பா எதையும் பாதியில் விட மாட்டார், நன்றாகவே பூட்டினார்.

நான் வெளியே இருந்தேன்.