கதிரையை விட்டு எழும்பாதவள்

எங்கள் வாப்பா பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக் கொடுத்த மண்டபத்தில்தான் அந்த வகுப்பு நடந்தது. குறிஞ்சிப்பிட்டியில் எங்கள் குடும்பத்தின் பெயரை இன்றும் மரியாதையோடுதான் சொல்வார்கள். நாவல் பாடத்தைப் பார்க்க வரும்படி றிஸ்மினா டீச்சர் அழைத்தபோது, வெள்ளைச் சாரமும் தொப்பியுமாகப் போய் முன்வரிசையில் அமர்ந்தேன். காலை பத்து மணி. களப்புக் காற்றில் உப்பு மணத்தது.

"நாவல்ல வாற ஆளா ஒரு பிள்ளை இந்தக் கதிரையில இருக்கும். மத்தவங்க கேள்வி கேக்கலாம். நான் பேர் சொல்லிக் கூப்பிட்டா எழும்ப வேணும்," என்றார் டீச்சர்.

கதிரையில் இருந்தவள் என் பேத்தி ஸும்ரா. நாவலில், காதலித்ததற்காகத் தகப்பன் அறையில் பூட்டிவைத்த பெண் ஜன்னலால் தப்பி ஓடுகிறாள். அவள்தான் இப்போது ஸும்ரா.

"ஓடக்குள்ள பயமா இல்லையா?" என்று கேட்டான் அஸ்ஜத்.

"கேக்கிற ஆளப் பாருங்க! நாய் குரைச்சாலே அழுவான்," என்றாள் றம்லா. வகுப்பே சிரித்தது.

ஸும்ரா சிரிக்கவில்லை.

"நான் ஓடல்ல."

அது அவள் குரல் இல்லை.

"மூணு நாள் தண்ணி கேட்டேன். சாவி தம்பிட இடுப்பில இருந்திச்சி."

"கதையில அப்படி இல்லையே..." என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

அத்தனை ஜன்னலும் திறந்திருந்தும், நெடுநாள் பூட்டிய அறையின் புழுங்கிய வாடை எழுந்தது.

"ஸும்ரா, போதும் மகள். எழும்புங்க."

அவள் எழும்பவில்லை. மூன்று பேர் பிடித்து இழுத்தும் கதிரை அசையவில்லை. அவளுடைய உதடுகள் எங்கள் கண்முன்னே வறண்டு, வெடித்து, இரத்தம் கசிந்தன.

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, நான் எப்படி மௌத்தான எண்டு இவங்களுக்குச் செல்லு."

அறுபது வருடங்களுக்கு முன் என் மூத்த சகோதரி, பளீலா ராத்தா, காய்ச்சலில் இறந்தாள் என்றுதான் ஊருக்குச் சொன்னோம். என் தங்கைகளும் மகள்மாரும் அந்தப் பொய்யை ஊர் நம்பியதால்தான் நல்ல இடங்களில் வாழ்க்கைப்பட்டார்கள்.

"எல்லாரும் வெளியே போங்க!"

கதவுகளைச் சாத்தினேன். தொழுகைக்கு வெளியே எவர் முன்னும் குனியாத நான், அந்தக் கதிரையின் முன் முழந்தாளிட்டேன். அவள் காதோடு சொன்னேன்.

"வாப்பா திறக்க வேணாம் எண்டார். நான் திறக்கல்ல. நீ தாகத்திலதான் மௌத்தான, ராத்தா."

"சத்தமாச் செல்லு."

"ஏலாது. குடும்பத்துட மானம். பிள்ளைய விட்டுரு, ராத்தா. உன்னைக் கெஞ்சிக் கேக்கிறன்."

பிறகு ஸும்ரா என் தோளில் சரிந்தாள். "மூத்தவாப்பா, தொண்டை காயுது," என்று அழுதாள்.

பிள்ளைக்குத் தலைச்சுற்று என்று வெளியே நின்றவர்களிடம் சொன்னேன். நம்பினார்கள். என் வார்த்தையை இந்த ஊரில் எவரும் சந்தேகித்ததில்லை.

மறுநாள் காலை டீச்சரிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. அழுதுகொண்டிருந்தார்.

"ஹாஜியார், கெதியா வாங்க. அந்த நாவல நாங்க தொடவே இல்ல. இண்டைக்குக் கணக்குப் பாடம். முப்பத்தி நாலு பிள்ளைகளும் எழும்புதில்ல. எல்லாருக்கும் உதடு வெடிக்குது."

அவருக்குப் பின்னால் பல குரல்கள் ஒன்றாக ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தன.

"தாய் தகப்பன்மார் வந்திட்டாங்க, ஹாஜியார். ஆர் இந்தத் தம்பி எண்டு கேக்கிறாங்க."