ஆயர் கழுவிய கால்கள்

வெந்நீர் சில்லிட்டிருந்தது. இப்போதுதானே வேலைக்காரன் அடுப்பிலிருந்து இறக்கினான்?

"டேய் சிம்கின், பச்சைத் தண்ணியக் கொண்டாந்து வச்சிருக்கியே, கண்ணு அவிஞ்சா போச்சு?"

"கொதிக்கக் கொதிக்கத்தான் கொண்டாந்தேன் ஆண்டவரே. பாருங்க, கையே செவந்து கெடக்கு."

ஆயர் ஜெர்வேஸ் பல்லைக் கடித்தார். பெரிய வியாழன், இயேசு சீடர்களின் காலைக் கழுவிய நாள். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஏழைகளின் காலைக் கழுவி முத்தமிட வேண்டும். பின்னால், மடங்களையெல்லாம் பறித்துக்கொண்ட ஹென்றி மன்னரின் ஆள் சர் ரால்ஃப் உட்கார்ந்து வேவு பார்க்கிறான். மடத்துத் தலைவராக இருந்தவர், மன்னர் கேட்டதும் மடத்துச் சாவியைப் பல்லிளித்தபடி நீட்டி, இணங்க மறுத்த துறவி ஆஸ்மண்டையும் கூட்டாளிகளையும் தூக்குக் கயிற்றுக்குக் காட்டிக்கொடுத்து, கூலியாக ஆயர் தொப்பியை வாங்கிக்கொண்ட மகானுபாவர் இந்த ஆயர். அப்படியும் இவருக்குள் பழைய துறவி ஒளிந்திருக்கிறான் என்று அரண்மனையில் பேச்சு. இன்று தடுமாறினால் தொப்பி போகும். தொப்பியோடு தலையும்.

முகங்களை அவர் பார்க்கவில்லை. பிச்சைக்கார மூஞ்சியில் பார்க்க என்ன கிடக்கிறது? சேறும் சீழும் நாறும் கால்களை ஒவ்வொன்றாகக் கழுவி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உதட்டை ஒற்றி, மெழுகுப் புகையும் பாடகர்களின் இழுவையும் தலையைச் சுற்ற, முழங்காலாலேயே நகர்ந்தார்.

அடுத்த காலில் நாற்றமே இல்லை. சுத்தமாக இருந்தது. நீலம் பாரித்திருந்தது. சுண்டுவிரல் இல்லை. பனியில் அழுகி விழுந்த விரல். மடத்தில் வருடா வருடம் இதே நாளில் அவர் கழுவிய கால்.

ஆஸ்மண்ட்.

கையை எடுத்தார். கால் தரைக்கு இறங்கவில்லை. ஒரு சாண் மேலே நின்று மெல்ல ஆடியது.

"என்ன ஆயரே, முத்தம் மறந்துபோச்சா?" சர் ரால்ஃப் சிரித்தான். "இல்ல, பழைய பாசம் தடுக்குதா?"

கத்த முடியாது. கத்தினால் தீர்ந்தது.

குனிந்தார். இதுவரை எதற்குத்தான் குனியவில்லை? முத்தமிட்டார். உதடு மரத்துப்போயிற்று.

"பலே!" என்றான் சர் ரால்ஃப்.

கால் மெல்லச் சுழன்றது. விரல்கள் அவர் பக்கம் திரும்பி நின்றன.

"அடுத்தவரு, ஆண்டவரே." சிம்கின் குடத்தைச் சாய்த்தான்.

ஆயர் பக்கவாட்டில் பார்த்தார். நீலக் கால்கள். ஒன்றும் தரையைத் தொடவில்லை. எல்லாம் அவரை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தன. கோயில் சுவரைத் தாண்டி, இருட்டுக்குள்ளே, பெஞ்சு நீண்டுகொண்டே போயிற்று.