கை நீட்டினால் நிற்கும் வண்டி

நாலு பன்னிரண்டுக்கு வண்டி கிடையாது. அக்டோபர் கடைசியில் குளிர்கால அட்டவணையை ஒட்டியபோதே அந்த வரியை எடுத்துவிட்டார்கள். இருந்தும் டிசம்பர் முதல் செவ்வாய்க்கிழமை, இன்வர்மெல்லி ஸ்டேஷனின் காத்திருப்பு அறையில், இஷ்பெல் குடித்துவிட்டு வைத்த தேநீர்க் கோப்பை சரியாக நாலு பத்துக்குத் தட்டின்மேல் கிணுகிணுக்கத் தொடங்கியது. வண்டி கண்ணில் படுவதற்கு முன்னால் தண்டவாளம் அனுப்பும் நடுக்கம் அது. முப்பது வருடமாக அதைக் கேட்டுப் பழகியவள் கதவைத் திறந்து பார்த்தாள். இருட்டு. அந்த மாதத்தில் வடக்கே சூரியன் மூன்றரைக்கே கடையைக் கட்டிவிடும். பிளாட்பாரத்தின் ஒற்றை விளக்கு, அதன் கீழே கொஞ்சம் பனி. வேறு எதுவும் இல்லை.

"கப்பு ஆடுச்சு, பாத்தீங்களா?"

கணப்பின் ஓரம் லாக்கி மக்ரே கண்ணைத் திறக்கவில்லை. அவர் பழைய சிக்னல்காரர். சிக்னல் அறையை இடித்து இருபது வருடம் ஆகிறது. அவருக்கு யாரும் எழுத்து மூலம் தெரிவிக்காததால் இன்னும் தினமும் வேலைக்கு வந்துகொண்டிருந்தார்.

"கப்பு ஆடல. ஒன் கை ஆடுது, புள்ள. ஒரு சொட்டு விஸ்கி ஊத்திக்க, ரெண்டும் நின்னுரும்."

இஷ்பெல் சிரித்துவிட்டுத் தூரிகையை எடுத்தாள். ஸ்டேஷனுக்கு நூற்றைம்பது வயது நிறைந்ததற்கு ஊர்க் கமிட்டி ஒரு சரித்திரப் பலகை கேட்டிருந்தது. பூத்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றி ஜன்னல் துடைக்கிறவள் என்பதால் அந்த வேலையும் அவள் தலையில் விழுந்தது.

எழுத நிறைய இருந்தது. 1874இல் ரயில்பாதைக்கு நிலம் கொடுத்த பண்ணைப் பிரபு ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: தான் கையை நீட்டினால் எந்த வண்டியும் நிற்க வேண்டும். பிறகு பாதிரியார் கை நீட்டினாலும் நின்றது. பிறகு யார் நீட்டினாலும். இன்றைக்கும் இங்கே அதுதான் சட்டம். ஏறுகிறவர் கை நீட்ட வேண்டும், இறங்குகிறவர் முன்கூட்டியே கார்டிடம் சொல்ல வேண்டும். இரண்டும் இல்லையென்றால் வண்டி தன் வழியே போய்விடும். ஒருமுறை ஒரு செம்மறிக் கடா வேலியில் உரசி முன்னங்காலைத் தூக்கியதற்கு வண்டி நின்றதாகவும், கார்டு இறங்கி வந்து "எதுவரைக்கும்?" என்று மரியாதையாகக் கேட்டதாகவும் லாக்கி சொல்வார். கடா முடிவு சொல்லத் தாமதித்ததில் வண்டி ஆறு நிமிடம் பிந்திப் போனதாம்.

போனவர்களும் நிறையப் பேர். 1915இல் ஒரே காலையில் நாற்பத்து மூன்று சிப்பாய்கள். வருடா வருடம் தெற்கே ஹெர்ரிங் மீன் அறுக்கப் போன பெண்கள். 1923இல் துறைமுகத் தெருவிலிருந்து பதினொரு குடும்பங்கள், கனடாவுக்கு, கட்டில் மேசையைக்கூட விட்டுவிட்டு. எல்லோரும் போன தேதி அவளிடம் இருந்தது. வந்த தேதி ஏழெட்டுப் பேருக்குத்தான் இருந்தது. வராததற்கு என்ன தேதி போடுவது என்று தெரியாமல் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தாள்.

ஹெக்டருக்கும் அப்படித்தான்.

ஹெக்டர் அவள் புருஷன். கூச்ச சுபாவம் என்றால் ஊரில் அவரைத்தான் உதாரணம் காட்டுவார்கள். தனக்காக ஒரு முழு வண்டியை நிறுத்தச் சொல்லிக் கார்டிடம் கேட்பது அவருக்குப் பெரிய அகங்காரமாகப் பட்டது. அதனால் அவர் கேட்டதே இல்லை. அவர் வேலை முடிந்து வரும் நாலு பன்னிரண்டுக்கு இஷ்பெல் தினமும் பிளாட்பாரத்தில் நின்று கையை நீட்டுவாள். வண்டி நிற்கும். ஹெக்டர் நைசாக இறங்கிக்கொள்வார்.

"ஏறலையாக்கா?" என்று டிரைவர் கேட்பான்.

"இல்லப்பா, மனசு மாறிடுச்சு."

முப்பது வருடம் தினமும் மனசு மாறியது.

போன ஜனவரியில் கண் ஆபரேஷன் முடிந்து இன்வர்னெஸ் ஆஸ்பத்திரியிலிருந்து அவர் போன் செய்தார். "நாலு பன்னெண்டுல வரேன். நீ வந்துருவல்ல?" அதற்கு முதல் நாள்தான் இரண்டு பேருக்கும் சின்னதாக ஒரு வாக்குவாதம். வருவேன் என்றாள். போகவில்லை. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. ஒரே ஒரு தடவை அந்த மனுஷன் வாயைத் திறந்து கேட்கட்டுமே என்று, வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து தேநீர் குடித்தபடி, வண்டி ஊரைக் கடந்து போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வண்டி நிற்கவில்லை. சிரிப்புக்கூட வந்தது.

அடுத்த நிறுத்தம் பதினொரு மைல் தள்ளி, ஆள் இல்லாத பொட்டல். அங்கே யாரோ ஏறியதால் வண்டி நின்றிருக்கிறது, அங்கே ஹெக்டர் இறங்கியிருக்கிறார். திரும்பும் வண்டி பனியால் வரவில்லை. இரண்டாம் நாள் கண்டுபிடித்தபோது பிளாட்பாரத்து விளிம்பில் உட்கார்ந்து விறைத்திருந்தார், வலது கையை முன்னால் நீட்டியபடி. சவப்பெட்டி செய்கிற டன்பார் நல்ல தொழிலாளி. அந்தக் கை மடங்கவே இல்லை என்பதை அவளிடம் மிகவும் நாசூக்காகத்தான் சொன்னார்.

புதன்கிழமை கோப்பை மறுபடி ஆடியது. அலமாரிப் புத்தகங்களும் ஆடின. கரிப்புகையும் நனைந்த கம்பளியும் கலந்த ஒரு வாடை கதவிடுக்கு வழியாக நுழைந்து அறையில் உட்கார்ந்துகொண்டது. அந்தப் பாதையில் கரி வண்டி ஓடி அறுபது வருடம் ஆகிறது.

வியாழக்கிழமை வண்டியே வந்தது.

நீளமாக, சத்தம் குறைவாக, மங்கிய மஞ்சள் ஜன்னல்களோடு அது பிளாட்பாரத்தை உரசிப் போனதை இஷ்பெல் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். மூன்றாவது கதவில் ஹெக்டர். நெற்றியைக் கண்ணாடியில் பதித்து, தன் ஸ்டேஷன் தன்னைக் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டு. அவர் முகத்தில் கோபம் இல்லை. கேட்கக் கூச்சப்படுகிறவனின் அதே முகம்.

லாக்கி தன் நாற்காலியை ஜன்னலுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டிருந்தார்.

"அதுல அவர் இருக்கார்," என்றாள் இஷ்பெல்.

"நான் பாக்கல. நீயும் பாக்காத."

"என்னிக்கிலேர்ந்து தெரியும் உங்களுக்கு?"

"வேலைக்குச் சேந்த முதல் டிசம்பர்லேர்ந்து." அவர் குரலில் கேலி இல்லை. "கையை மட்டும் நீட்டிராத, புள்ள."

"நீட்டினா நிக்கும்தானே?"

"நின்னா எறங்குவாங்க."

"எறங்கட்டுமே. எம் புருஷன் வீட்டுக்கு வரட்டும்."

"அந்த வண்டியில ஒம் புருஷன் மட்டுமா இருக்காரு?"

வெள்ளிக்கிழமை லாக்கி வரவில்லை. இஷ்பெல் மூன்று மணிக்கே கணப்பை அணைத்துவிட்டு வெளியே வந்து விளக்கின் கீழ் நின்றாள். பனி விழுவது நின்றுபோயிருந்தது. தூரத்தில் நாய் குரைப்பதும், துறைமுகத்தில் படகுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்வதும், அவள் மூச்சு கம்பளிக்குள் போய்வருவதும் கேட்டன. பிறகு குரைப்பு நின்றது. படகுகள் நின்றன.

தண்டவாளம் முனகியது.

கையை நீட்டினாள். கையுறையைக் கழற்றிவிட்டு, வெறுங்கையை.

மஞ்சள் வெளிச்சம். பிரேக் கிறீச்சிடவில்லை. வண்டி மெல்ல நின்றது. மூன்றாவது கதவு அவளுக்கு நேர் எதிரே.

திறந்தது.

எல்லாக் கதவுகளும் திறந்தன.

முதலில் சிப்பாய்கள். முழங்கால்வரை சேறு. பிறகு மீன் அறுக்கும் கத்திக்குப் பயந்து விரல்களில் துணி சுற்றிய பெண்கள், ஒருவர் கையை ஒருவர் பிடித்து. பிறகு குடும்பங்கள். பெட்டிகள். குழந்தைகள். அந்தக் குளிரில் ஒருவர் வாயிலிருந்தும் ஆவி வரவில்லை. காலடிச் சத்தமும் இல்லை. நனைந்த துணியின் சரசரப்பு மட்டும். கடந்து போகையில் ஒவ்வொருவரும் அவளைப் பார்த்துத் தலையசைத்தார்கள். வண்டியை நிறுத்தியதற்காக.

"ஹெக்டர்!"

அவர் கதவுக்குள்தான் நின்றிருந்தார். அந்த மடங்காத கையால் கதவைப் பிடித்து, வருகிறவர்களுக்கெல்லாம் ஒதுங்கி வழிவிட்டுக்கொண்டு.

"நீங்க போங்க. பரவால்ல. நீங்க மொதல்ல."

"எறங்குங்க! வாங்க!"

"இரு. குழந்தைங்க வருது பாரு."

அவள் படியேறப் பார்த்தாள். இறங்குகிற கூட்டம் அவளைப் பின்னால் தள்ளியது. தோள்கள். ஈரம். ஐஸ்போல் சில்லிட்ட கைகள், மிகவும் மரியாதையாக அவளை நகர்த்தின. கடைசியாக ஒரு கிழவர். அவருக்குப் பின்னால் ஹெக்டர் படியில் வைக்க ஒரு காலை எடுத்தார். அவளைப் பார்த்தார். சிரித்தார்.

கதவு மூடியது.

கண்ணாடியைத் தட்டிக்கொண்டே ஓடினாள். பிளாட்பாரம் முடிந்தது. சிவப்பு விளக்கு சின்னதாகி, இல்லாமல் போனது. ஹெக்டர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

திரும்பியபோது பிளாட்பாரத்தில் ஒருவரும் இல்லை. ஊரை நோக்கிக் கால்தடங்கள் மட்டும்.

துறைமுகத் தெருவில் எந்த ஜன்னலிலும் வெளிச்சம் இல்லை. தடங்கள் வாசலுக்கு வாசல் பிரிந்து போயிருந்தன. அதே தெருவில் இருந்த அவள் வீட்டுக் கதவு உட்பக்கம் தாழிட்டிருந்தது. தட்டினாள்.

ஒரு பெண் திறந்தாள். இடுப்பில் குழந்தை. பாவாடை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பின்னால் இருட்டில், மேசையைச் சுற்றி நாலு பேர், சாப்பாட்டுக்குக் காத்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்கள்.

"யாரும்மா வேணும்?"

அந்தப் பெண் கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்தாள். பிறகு குளிர் உள்ளே வராமலிருக்க, கதவை மெதுவாகச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது.

இஷ்பெல் தெருவைப் பார்த்தாள். நெடுக, ஒவ்வொரு மூடிய கதவுக்கும் முன்னால், அந்தந்த வீட்டுக்காரர்கள் இப்போது பனியில் நின்றுகொண்டிருந்தார்கள். வீட்டுச் செருப்போடு. ஒருத்தி கையில் இன்னும் ஆவி பறக்கும் சட்டி. கடைசி வீட்டு வாசலில் லாக்கி, வெறும் சட்டையில். எல்லோரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.