ஊளையிட்ட பின்அச்சு

செவ்வாயின் செங்குடி நகரில் ஒரு சத்தம் பிடிக்கவில்லையென்றால் மூன்று தடவை முகம் சுளித்தால் போதும். காதுக்குள் பதித்திருந்த செவிச்சல்லடை அப்புறம் அதை உள்ளே விடாது. காற்றுப் பம்பின் இரைச்சல், எதிர்வீட்டுச் சண்டை, நகர்மன்றத் தலைவரின் காலை உரை என்று அவரவர் வசதிப்படி தடுத்து வைத்திருந்தார்கள். ஊரே நிம்மதியாக இருந்தது.

தில்லைநாயகி மட்டும் அதைப் பொருத்திக்கொள்ளவில்லை. "கேக்கத்தானே காது? அதுக்கு எதுக்கு வடிகட்டி?" என்பாள். அதனால் வீட்டு வண்டியின் பின்பக்கம் ஊளையிடுவது அவளுக்கு மட்டும்தான் தெரிந்தது.

வண்டி அரதப் பழசு. புது வண்டிகளில் சக்கரத்துக்கு ஒரு மோட்டார். இதிலோ ஒரே மோட்டார், பின்அச்சில் டிஃபரன்ஷியல். வளைவில் உள்சக்கரம் மெதுவாகவும் வெளிச்சக்கரம் வேகமாகவும் சுற்ற வழிசெய்யும் பற்சக்கரப் பெட்டி அது. அதற்குள்தான் என்னவோ கோளாறு.

மறுநாள் இந்த வண்டியில்தான் நீலமேட்டுக்குப் போய், தலைப்பிரசவத்துக்கு மகள் இளவெயினியை அழைத்துவர வேண்டும். வழியெல்லாம் ஆளரவமற்ற செம்மணல். நடுவில் நின்றுபோனால் வண்டிக்குள் காற்று அரை நாளைக்குத்தான் வரும். பிள்ளைத்தாச்சியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"ஏங்க, பின்னாடி ஊளையிடுதுங்க. பொண்ணை இதுலயா கூட்டிட்டு வரப்போறீங்க?"

கணவர் மாசிலாமணி அன்பாகச் சிரித்து, தலையாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றாள். அவர் பதறிப்போய் பிரேக் போட்டார். அவள் ஏறி உட்கார்ந்து, தெருமுனைப் பட்டறையைக் கைகாட்டினாள்.

பட்டறையில் இருந்தது ஒரு பழுதாள். வண்டி பார்ப்பதற்கென்றே செய்த இயந்திரம். வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

"ஆக்சிலேட்டரை மிதிச்சா சத்தம் ஏறுதாம்மா? காலை எடுத்தா இறங்குதா?"

"மிதிச்சா ஊளை, எடுத்தா முனகல்."

"இங்க எதுக்கு வந்தோம்? வண்டி நல்லாத்தானே ஓடுது?" என்றார் மாசிலாமணி.

பழுதாள் வண்டியைத் தூக்கி நிறுத்தி, சக்கரங்களைச் சுழலவிட்டு, அவருடைய சல்லடையை அணைத்தது. மாசிலாமணி துள்ளிக் குதித்தார்.

"ஐயையோ! யாரைக் கொல்றாங்க?"

"உங்க வண்டிதாங்க. வருஷக்கணக்கா சொல்றேன்!"

"எங்கிட்டயா? எப்ப சொன்னே?"

"அம்மா சொல்லியிருக்காங்க ஐயா," என்றது பழுதாள். "சல்லடை வண்டிச் சத்தத்தைத் தடுத்துச்சு. அப்புறம் அதைப் பத்தி அம்மா பேசினதையும் தடுத்திருச்சு. நீங்க முகம் சுளிச்சிருப்பீங்க."

பற்சக்கரப் பெட்டியின் அடைப்பைத் திறந்ததும் எண்ணெயோடு இரும்புத்தூள் மினுமினுத்துக் கொட்டியது. பினியன் என்ற சின்னப் பற்சக்கரத்தின் பேரிங் தேய்ந்து, அதன் பல் ஒன்று பாதி உடைந்திருந்தது. "இன்னும் ஒரு நெடும்பயணம் தாங்காதுங்க. பாலைவனத்துல பூட்டிக்கிட்டு நின்னிருக்கும்."

மாசிலாமணி குனிந்து அந்த உடைந்த பல்லைப் பார்த்தார். மகளும் அவள் வயிற்றுப் பிள்ளையும் கண்ணெதிரே வந்து நின்றார்கள்.

"அந்தப் பல்லை மட்டும் மாத்த முடியாதா?" என்றார் ஈனசுரத்தில்.

"கிரவுன்னு பெரிய பற்சக்கரம், அதுவும் பினியனும் ஜோடியா தேஞ்சு பழகினது ஐயா. ஒண்ணை மட்டும் புதுசா போட்டா சண்டைதான்." உடைந்த வண்டி ஒன்றிலிருந்து எடுத்த நல்ல பெட்டியை முழுசாகவே மாட்டி, புது எண்ணெய் ஊற்றியது பழுதாள். செவ்வாயில் எடை குறைவு என்பதால் பழைய பெட்டியைத் தில்லைநாயகியே சுமந்துபோய் ஓரமாகப் போட்டாள். அதில் அவளுக்கு அப்படியொரு திருப்தி.

திரும்பும்போது வண்டி மூச்சுக் காட்டவில்லை. மாசிலாமணி சல்லடையைப் பிடுங்கி எறிந்துவிட்டிருந்தார். "நாயகி, இனிமே நீ என்ன சொன்னாலும் கேப்பேன். சத்தியமா," என்றார். சந்தோஷத்தில் அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

இளவெயினி சௌக்கியமாக வந்து சேர்ந்தாள். பேரனும் பிறந்தான், நல்ல கொழுகொழுவென்று.

மாசிலாமணியும் கேட்டார். எல்லாவற்றையும் கேட்டார். "நாயகி, குக்கர் ஏன் சீறுது? நாயகி, இந்தக் கதவு ஏன் முனகுது? நாயகி, நீ குறட்டை விடுறே, உனக்குத் தெரியுமா?" அதோடு விட்டாரா? சல்லடை இல்லாத வாழ்வின் மகிமையை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். ஆண்களில் பாதிப்பேர் கழற்றி எறிந்தார்கள்.

பேரனுக்குப் பெயர் வைத்த மறுநாள் தில்லைநாயகி செவிச்சல்லடைக் கடைக்குப் போனாள். உள்ளே நுழைய முடியவில்லை. தெருப் பெண்கள் எல்லாரும், முகம் சுளித்துச் சுளித்து அலுத்துப்போய், அவளுக்கு முன்பே வரிசையில் நின்றிருந்தார்கள். ஒருத்தியும் இன்னொருத்தியின் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் முறை வந்தது. கடைப்பெண் காரணம் எதுவும் விசாரிக்காமலே, "வீட்டுக்காரர் குரல்தானேம்மா? முழுசா தடுத்துடவா?" என்று கேட்டாள்.

தில்லைநாயகி பதறிப்போனாள். "ஐயோ, முழுசா வேண்டாம்மா! 'நாயகி'ன்னு ஆசையா கூப்பிடுவார், அது மட்டும் கேக்கட்டும்," என்றாள் வெட்கத்தோடு. "அதுக்கப்புறம் சொல்றது எதுவும் வேண்டாம்."