பங்காருபாளையத்து வூஃபர்

கரண்ட் போய்க் கால் மணி நேரம் ஆகியும் வூஃபரின் கோன் அசைந்துகொண்டிருந்தது.

ஜெயச்சந்திரன் முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டான். சித்தூரின் மே மாத மத்தியானம் யார் கண்ணையும் ஏமாற்றும். ஃபேன் நின்ற அறையில் வேர்வை இமைக்குள் இறங்கினால் சுவர்கூட அசையும். ஆனால் அந்த எட்டு அங்குலக் காகிதக் கோன் மெதுவாக உள்ளே போனது, கொஞ்ச நேரம் உள்ளேயே நின்றது, பிறகு வேண்டாவெறுப்பாக வெளியே வந்தது. இத்தனைக்கும் அதன் ஒயர்கள் எதிலும் மாட்டியிருக்கவில்லை. சிவப்பும் கறுப்பும் மேஜை விளிம்பில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன.

வீட்டின் முன்னறைதான் அவனுக்கு ரிப்பேர்க் கடை. உள்ளறையில் யமுனா பாயில் படுத்துத் தூங்கினாள். ஏழாம் மாதம். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கோயில் கோயிலாக ஏறி இறங்கித் தங்கிய பிள்ளை. அதிர்வு ஆகாது என்று பயந்து, ஒரு மாதமாக எந்த வூஃபரையும் வால்யூம் கூட்டி அவன் சோதித்ததில்லை. அவ்வளவு ஜாக்கிரதைக்காரன்.

அந்த ஸ்பீக்கர் பெட்டியைக் காலையில் கொண்டுவந்தவன் பவன்குமார், பங்காருபாளையம் மாங்காய் வியாபாரி முனிகிருஷ்ணனின் மகன். நைனா பூட்டாரு, காரியமெல்லாம் முடிந்தது, அவர் படம் பார்த்த வூஃபர் மட்டும் சத்தமே போடவில்லை என்று பாதித் தெலுங்கில் சொல்லி இறக்கிவிட்டு, வந்த ஆட்டோவிலேயே போய்விட்டான்.

பெட்டியின் காற்று ஓட்டையில் பஞ்சு அடைத்திருந்தது. அதிர்வு குறையட்டும் என்று சாக்ஸையும் பழைய பனியனையும் திணிப்பவர்களை ஜெயச்சந்திரன் நிறையப் பார்த்திருக்கிறான், பிடுங்கிப் போட்டான். சிவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் முனையோடு முனை சேர்த்து வெள்ளைத் துணிக் கிழிசலால் இறுக்கிக் கட்டியிருந்தது. இரண்டும் ஒட்டிக் கிடந்தால் எந்த வூஃபரும் விறைத்துப் போகும், கோளாறு இதுதான் என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டு அவிழ்த்தான். பெட்டியின் தலையில் சந்தனம் வைத்து ஒட்டிய ஒரு ரூபாய்க் காசு. ஆயுத பூஜைக்கு ஃபிரிட்ஜுக்கும் டிவிக்கும் பொட்டு வைக்காத வீடு எது? அதையும் சுரண்டி எடுத்தான். மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தான். மெக்கானிக் கண் அப்படித்தான் பார்க்கும். ஒரு சாவு வீட்டுக்குப் போய்வந்த வேறு யாராக இருந்தாலும் சேர்த்துப் பார்த்திருப்பார்கள்.

இப்போது முள் மீட்டரை எடுத்து ஒயர்களில் மாட்டினான். கோன் உள்ளே போகும்போதெல்லாம் முள் துள்ளியது. யாராவது விரல் வைத்து அமுக்கினால்தான் அப்படித் துள்ளும். கிட்டே குனிந்தான். காற்று ஓட்டையிலிருந்து சூடாக ஒரு காற்று அவன் கன்னத்தில் பட்டது. கார்பைடு கல் போட்டுப் பழுக்கவைத்த மாம்பழக் கிடங்கின் பூண்டு நாற்றம், அதற்கடியில் தைலமும், நாள்பட்ட சளியும். காற்று திரும்ப உள்ளே போகையில் ஒரு இழுப்புச் சத்தம் வந்தது. நெஞ்சில் கபம் கட்டிய ஆள் இழுக்கிற இழுப்பு.

பவன்குமார் நம்பருக்குப் போன் போட்டான். எடுத்தது அவன் அம்மா மல்லிகா. பெட்டி சித்தூரில் இருக்கிறது என்பதே அவளுக்குத் தெரியாது. சொன்னதும் கேட்டாள்.

"பஞ்ச எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்கா."

"ஒயருங்க கட்ட?"

"அவுத்துட்டேன்."

அவள் குரலை உயர்த்தவில்லை. புருஷன் இரண்டு வருஷம் இழுப்போடு கட்டிலில் கிடந்ததையும், தலைமாட்டில் இந்தப் பெட்டியை அலறவிட்டு வீட்டில் ஒருத்தரையும் தூங்கவிடாததையும் மளிகைக் கடைக்காரனிடம் சொல்வது போலச் சொன்னாள். உடம்பை எரித்துவிட்டு வந்த அன்று சாயங்காலமே பெட்டி இழுக்க ஆரம்பித்ததாம்.

"என் மூச்ச வுட்டுத் தரமாட்டேன்னு சொல்லிக்கினே செத்த ஆளு அது. பொணத்துக்குப் பண்றாப்பல மூக்கடச்சி, கால் வெரலக் கட்டி, நெத்திக் காசு வெச்சி அடக்கினேன். ஒரு வாட்டிதான் அடங்கும்."

திரும்பக் கட்டிவிடுகிறேன், என்ன செய்யணும் சொல்லுங்கள் என்று அவன் கெஞ்சினான். அவள் காதில் வாங்கினதாகத் தெரியவில்லை.

"உன் வூட்ல வேற ஆரு கீறாங்க?"

பெண்டாட்டி, ஏழு மாசம் என்றான். அவளுக்கு அதுவே போதுமாயிருந்தது.

"எங்க வூட்டாண்ட எடுத்தாராத," என்றாள். போன் கட்டானது.

பஞ்சு எங்கே? மேஜைக்கடியில் துழாவினான். கிடைத்தது. வியர்த்த கையில் அது நூலாகப் பிரிந்தது. ஓட்டைக்குள் திணித்தான். பெட்டி அதைத் துப்பியது. மறுபடி திணித்தான். மறுபடி துப்பியது. ஒயர்களை முறுக்கினான்.

அப்புறம், ஒன்றுமில்லை.

கோன் நின்றிருந்தது. முள் நின்றிருந்தது. வெறும் காகிதம், வெறும் காந்தம். ஜெயச்சந்திரனுக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு நிம்மதி.

இழுப்புச் சத்தம் கேட்டது.

உள்ளறையில்.

திரையை விலக்கினான். பூண்டு நாற்றம் முகத்தில் அடித்தது. யமுனா விழித்திருந்தாள். அவனையே பார்த்தாள். வாய் அகலத் திறந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கை பாயைப் பிராண்டியது. மார்பு ஏறவில்லை. இறங்கவில்லை. ஒரு துளிக் காற்றுகூட அவளுக்குள் போகவில்லை.

புடவைக்கு அடியில் வயிறு மட்டும், நிதானமாக, மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.