கண்ணம்மாளின் காயத்தழை

சனிக்கிழமை காலை ஆம்பூரிலிருந்து பஸ் ஏறி வேலூர் வந்த கண்ணம்மாள், டோரதி சிஸ்டர் வீட்டு நாற்காலியில் உட்காரும் முன்பே பேச ஆரம்பித்துவிட்டாள். வாயில் வெற்றிலை வேறு.

"தழையில விஷம் வச்சிட்டேனாம் சிஸ்டர். சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வரணுமாம். சின்னசாமி கைய நான் இன்னாத்துக்குக் கெடுக்கப் போறேன்?"

டோரதி ஓய்வுபெற்ற நர்ஸ். சிக்கல் என்று யார் வந்தாலும் நிதானமாகக் கேட்பாள். அவள் கணவர் ஞானமுத்து முப்பது வருடம் தாவரவியல் நடத்தியவர். துப்புத் துலக்குவது என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு முதலில் நிற்பார்.

கண்ணம்மாள் ஷூ கம்பெனியில் பெருக்குகிறவள். அங்கே யார் கையை அறுத்துக்கொண்டாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். வீட்டுத் தொட்டியில் வளர்த்த தழையை வாயில் போட்டு மென்று, காயத்தில் அப்பித் துணி சுற்றுவாள். மூன்றே நாளில் ஆறிவிடும். வியாழக்கிழமை, தோல் வெட்டும் மெஷினில் நிற்கும் சின்னசாமியின் வலது கை விரலுக்கும் அப்படித்தான் கட்டினாள். மறுநாள் அந்தக் கை மணிக்கட்டு வரை வீங்கிவிட்டது. சூப்பர்வைசர் பஞ்சாட்சரம் அவளை வேலைக்கு வராதே என்று நிறுத்தி, புகாரும் கொடுத்துவிட்டார்.

அவள் கொண்டுவந்த இலையை ஞானமுத்து புரட்டினார். "மேல ஈயம் பூசின மாதிரி பச்சை, அடியில ஊதா. முறிகூட்டிதான். அழகுக்கு வைக்கிற செடி. கேரளாவுல பச்சைக் காயத்துக்கு இதத்தான் அரைச்சுப் போடுவாங்க. விஷமே கிடையாது."

மூவரும் ஆம்பூருக்குப் போனார்கள். சின்னசாமி கட்டிலில் சுருண்டிருந்தான். வலது கை பார்க்கவே பயமாக இருந்தது. இடது கை விரல் நுனிகளும் சிவந்திருந்தன, கீழுதடு தடித்திருந்தது. கிளினிக்கில் வெட்டி எடுத்த கட்டுத்துணியை அவன் மனைவி போலீசுக்கென்று கவரில் வைத்திருந்தாள். உள்ளே வெள்ளைத் திட்டுப் போட்ட இலைத் துண்டுகள்.

"ஊமைச்செடி," என்றார் ஞானமுத்து. "இதோட பால் பட்டா எரியும், வீங்கும். வாயில போட்டா நாக்கு தடிச்சுப் பேச்சே நின்னுடும். கம்பெனி ஆபீஸ் வாசல்லதான் தொட்டி தொட்டியா இருக்கும். பஞ்சாட்சரம் வேலைதான் டோரதி."

டோரதி துணியின் முடிச்சை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"இல்லைங்க. கண்ணம்மா எதையும் மென்னுதான் வைப்பாங்க. இத மென்னிருந்தா இன்னிக்கு அவ்ளோ பேச்சு பேசியிருக்க முடியாது. அப்போ அவங்க கட்டினத யாரோ அவுத்து, இத வச்சு, திரும்பக் கட்டியிருக்காங்க. முடிச்சுல பல் பதிஞ்சிருக்கு பாருங்க. ரெண்டு கையும் சரியா இருக்கறவங்க பல்லால முடிச்சு போட மாட்டாங்க. இலையக் கசக்கின விரல் சிவந்திருக்கு. துணியக் கடிச்ச உதடு வீங்கியிருக்கு." அவள் குரல் தணிந்தது. "ஏன் சின்னசாமி?"

அவன் கண்ணம்மாளைத்தான் பார்த்தான்.

"ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டன் அமுக்குனாத்தான் மெஷின் எறங்கணும்கா. வேலை ஜாஸ்தி ஆகணும்னு ஒரு பட்டன டேப் போட்டு அமுக்கி வச்சிட்டாங்க. ஒரு கை உள்ளயே கெடக்குது. இந்தத் தபா விரல் ஓரத்தோட போச்சு. உன் தழ மூணு நாள்ல ஆத்திடும். நாலாம் நாள் திரும்ப அங்கதான் நிக்கணும். ஆறக் கூடாதுன்னுதான் வச்சேன். உன் மேல பழி வந்தப்ப வாயத் தொறக்கல. தப்புதான்."

கண்ணம்மாளுக்குக் கோபம் வரும் என்று ஞானமுத்து எதிர்பார்த்தார். ஆனால் இத்தனை வருடமாக எத்தனை பேரை ஆற்றி ஆற்றி எங்கே திருப்பி அனுப்பினோம் என்று அவள் யோசிப்பது முகத்திலேயே தெரிந்தது.

"இப்ப அந்த மெஷின்ல யாரு நிக்கறாங்க?" என்று கேட்டாள்.

சின்னசாமி தலை குனிந்தான். "காலையில தோஸ்த் போன் பண்ணான். பேக்கிங்ல இருந்த உன் பையன் செல்வகுமாரத்தான் நிக்க வச்சிருக்காங்களாம்."

அவள் மகனுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கம்பெனிக்குள் போகிறவர்கள் செல்போனை கேட்டிலேயே கொடுத்துவிட வேண்டும் என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. போனைக் கட்டிலில் போட்டுவிட்டு, செருப்புகூடப் போடாமல் கம்பெனியைப் பார்த்து ஓடினாள்.